மிச்சமிருந்த தடிப் புத்தகம்

இன்னும் மூன்று பக்கம்தான்.

உருளை ஆறுவதற்கு இருபது நிமிடம் ஆகும். சலவைக்கூடத்தில் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை நாள் முழுக்கத் தேய்த்துத் தள்ளுகிற சூட்டு உருளை அது. அது நின்றால்தான் எங்களுக்கு மூச்சு. மற்றவர்கள் டீயை எடுத்துக்கொண்டு சுவரோரம் காலை நீட்டிவிட்டார்கள். நான் அழுக்குத் துணி மூட்டை மேல் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தேன்.

"கதையில அவ புருஷன் போயாச்சா, இன்னும் உசுரோடதான் இருக்கானா?" என்றாள் கொக்கு.

கொக்கு என் ஜோடி. விரிப்பின் அந்த முனை அவளுக்கு, இந்த முனை எனக்கு. உயரத்தைப் பார்த்து வைத்த பெயர். அவளுக்கு எழுத்து வராது. நான் படித்ததை மறுநாள் விரிப்பு மடிக்கும்போது அவளிடம் சொல்வேன். மதியத்துக்குள் அது அறை முழுக்கப் போய்விடும். இரண்டு வருஷமாகக் கதையில் வரும் அந்தப் பெண்ணை இங்கே எல்லாருக்கும் தெரியும், கூடப் பிறந்தவள் மாதிரி.

"போயிட்டான். நேத்தே போயிட்டான்."

"நேத்தே போனவனை இன்னிக்கு வரைக்கும் மறைச்சு வச்சிருக்கியே, உன்னை என்னதான் பண்றது!"

மறைக்கவில்லை. வாயில் வரவில்லை.

ஐந்து புத்தகம், ஒரே கதை. குணமாகிப் போன யாரோ ஒரு நோயாளி விட்டுச் சென்றது. எங்கள் ஓய்வறை அலமாரியில் கிடந்தது. நான்கை முடித்துவிட்டேன். இந்தத் தடியனை மட்டும் நான்கு மாதம் தொடாமல் வைத்திருந்தேன். அவள் புருஷன் சாவது இதில்தான். தெரிந்துகொண்டே எப்படிப் போய் அந்தப் பக்கத்தில் நிற்பது?

என் வீட்டுக்காரர் போன பிறகுதான் நான் எழுத்துக் கற்றேன். ஐம்பத்தோரு வயதில். அதுவரை வீட்டில் எழுத்தென்றால் அது அவர். அவர் போன மாதமே அவர் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு மூன்று வீடு ஏறி இறங்கினேன். மூன்றாவது வீட்டில் படித்துச் சொன்னார்கள்: அவருடைய கண்ணாடி தயாராகிவிட்டதாம், வந்து வாங்கிக்கொள்ளலாமாம்.

வாங்கி வந்தேன். இப்போது என் மூக்கில் இருப்பது அதுதான். எனக்கும் சரியாகத்தான் இருக்கிறது.

கொஞ்ச நாளாக விரல் வைக்காமலே படிக்கிறேன். இந்தப் பக்கத்துக்கு விரல் வேண்டியிருந்தது.

கதையில் துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். வெளியே கொடியில் அவன் சட்டை காய்கிறது. எடுத்து மடிப்பதா, அப்படியே விடுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அங்கே நின்றுவிட்டேன். எங்கள் வீட்டிலும் ஒரு சட்டை இருந்தது. ஊரார் துணியெல்லாம் மடிக்கிற கை, அதை மடிக்க எட்டு நாள் எடுத்துக்கொண்டது.

புத்தகத்தை மூடக் கை போயிற்று.

"மூடாதே" என்றாள் கொக்கு. "சத்தமா படி. நாங்க இருக்கோம்ல."

படித்தேன். எழுத்து எழுத்தாக. சில இடத்தில் இருமிவிட்டுத் தொடர்ந்தேன். கடைசி வரியும் வந்துவிட்டது.

'நீங்கள் இல்லாமல் நான் இனி எப்படி இருப்பேன்?'

அவ்வளவுதான். அதற்குக் கீழே வெறும் தாள்.

இதைப் படித்தவர்கள் எல்லாரும் அந்த வரியில் கலங்கியிருப்பார்கள். கலங்கிப்போய் அடுத்த புத்தகத்தைத் தேடி ஓடியிருப்பார்கள். ஏனென்றால் இது முதல் பாகம்.

எனக்குத்தான் இது கடைசி. எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள் முன்னால் ஐந்து புத்தகம் வைத்தால் எதை எடுப்பாள்? இருப்பதிலேயே ஒல்லியானதை எடுத்தேன். அது ஐந்தாம் பாகம். பிறகு அதைவிடக் கொஞ்சம் தடித்தது. எழுதினவருக்கும் போகப்போகக் கை வலித்திருக்கும் போல, ஒவ்வொன்றும் முந்தையதைவிட மெலிந்துகொண்டே போயிருக்கிறது. அட்டையில் இருந்த எண் கண்ணில் பட்டபோது மூன்றாம் பாகத்தில் பாதிக்கு வந்திருந்தேன். அதற்குமேல் யார் திரும்புவது?

அதனால் அவளை நான் முதலில் பார்த்ததே அறுபது வயதில், தன் பெயர் எழுதிய லாரியின் ஓட்டுநர் இருக்கையில். ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தாள். அப்புறம்தான் வண்டி ஓட்டப் பழகி யாரோ வீட்டு மதிலை இடித்தாள். அப்புறம்தான் அண்ணன் வீட்டிலிருந்து ஒரே ஒரு பெட்டியோடு தெருவில் இறங்கினாள். அப்புறம்தான் ஒரு மழைக்காலம் முழுக்கத் தலை வாராமல் சுருண்டு கிடந்தாள்.

இன்றைக்குத்தான் தரையில் உட்கார்ந்து இப்படிக் கேட்கிறாள்.

நானும் இதையேதான் கேட்டேன், அவர் படத்தைப் பார்த்து. பதில் தெரிந்தவர்கள் ஒருத்தரும் அப்போது பக்கத்தில் இல்லை.

உருளை இன்னும் ஆறிக்கொண்டிருந்தது. கொக்கு எழுந்து வந்தாள். ஓர் எழுத்தும் தெரியாதவள், என் மடியிலிருந்த பக்கத்தின் மேல் குனிந்தாள், அந்தப் பெண்ணே அங்கே உட்கார்ந்திருப்பதைப் போல.

"எப்படி இருப்பியா? லாரி ஓட்டப் போறடி நீ, லாரி!"

சுவரோரம் இருந்தவர்களும் சேர்ந்து கத்தினார்கள். எல்லாரையும்விடச் சத்தமாக நான்.