ஒரே ஒரு அப்டேட்

காலைப் பத்து மணி வெயில் சாப்பாட்டு மேசை மேலிருக்கும் வைஃபை ரௌட்டரில் விழுகிறது. கம்பெனியே கைகழுவிவிட்ட பழைய பெட்டி அது. போன மாதம் கணவன் அதன் மென்பொருள் பேக்கேஜ் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அப்டேட் செய்ய, இரண்டு நாள் அது கண்ணே திறக்கவில்லை. மனைவி அன்றே அதன் கடவுச்சொல்லை மாற்றிவிட்டாள். இன்று அவளே கடவுச்சொல் போட்டு உள்ளே நுழைந்து, மடிக்கணினியை அவனிடம் கொடுத்திருக்கிறாள். ஒரே ஒரு அப்டேட்டை ஒழுங்காகச் செய்தால் கடவுச்சொல் அவனுக்கு. "பேக்கப் எடுத்தியா?" "எடுத்தாச்சு, மேடம்." "மெமரில இடம் இருக்கா?" "ஏகப்பட்டது." "ஒண்ணே ஒண்ணுதான், தெரியும்ல?" அவன் நல்ல பிள்ளையாக ஒரு பேக்கேஜை மட்டும் தொடுகிறான். பச்சை விளக்கு அணைகிறது. அவள் அவன் சட்டையை இறுகப் பிடிக்கிறாள். குளிர்பெட்டி மட்டும் முனகுகிறது. விளக்கு ஒருமுறை சிமிட்டி, நின்று எரிகிறது. அவள் சிரித்தபடி கடவுச்சொல்லைச் சொல்ல அவன் காதருகே குனிகிறாள். அவன் திரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை. "அதான் பிழைச்சுக்கிச்சே, மிச்சத்தையும் மொத்தமா போட்டுடட்டுமா?"