கிள்ளான் வண்டியில் கோழிக்கறி

"அக்கா, அந்த டின்னைத் திறந்தா என்ன குறைஞ்சா போயிடுவீங்க?"

ரெங்கசாமி கேட்டதும் மூன்றாம் வகுப்புப் பெட்டியே பிரிக்ஃபீல்ட்ஸ் செசிலியாவைத் திரும்பிப் பார்த்தது.

விடிந்தால் கிறிஸ்துமஸ். கிள்ளானுக்குப் புறப்பட்ட ரயில், பத்து தீகா ஸ்டேஷன் பக்கத்தில் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டு காலையிலிருந்து நிற்கிறது. மழையோ விடுவேனா பார் என்கிறது. எல்லார் வயிற்றிலும் பசி. பெட்டி முழுக்கக் கோழிக்கறி வாசம் வேறு!

"கண்ணு இருட்டுதுண்ணே," என்று ஜன்னலில் சாய்ந்தாள் மாசமாயிருந்த இராஜம்மா.

செசிலியா டின்னை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "இது சாப்பாடு இல்லைங்க."

"அப்ப காட்டுங்க!"

"ராத்திரி பூசைக்கு முன்னாடி காட்டக் கூடாதுங்க."

பெட்டி கொல்லென்று சிரித்தது. கழுத்தில் ஜெபமாலையோடு எதிர் பெஞ்சு கிரிகரி எழுந்தார்.

"ஏம்மா, நீயும் வேதக்காரி, நானும் வேதக்காரன். இன்னைக்கு எனக்கு ஒருசந்தி நோன்பு. பல்லுல பச்சைத் தண்ணி படலை. எனக்காகவா கேக்கறேன்? பிள்ளைத்தாச்சி பசியில துடிக்கிறா, நீ கறிச்சட்டியைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கியே. சேசுவே!"

செசிலியாவுக்கு அழுகையே வந்துவிட்டது. மூடியைத் திறந்தாள்.

வைக்கோலுக்குள் குழந்தை இயேசு சுரூபம் கைகாலை நீட்டிக்கொண்டு சிரித்தது.

"கிள்ளான் கோயில் குடிலுக்குங்க. புதுச் சாயம் பூசி எடுத்துட்டுப் போறேன். நடுராத்திரி பாலன் பிறக்கிற வரைக்கும் யாரும் பார்க்கக் கூடாதுன்னு வழக்கம். நனைஞ்சா சாயமெல்லாம் போயிடும்."

"அட கடவுளே! அப்ப இந்த வாசம்?" ரெங்கசாமி மூக்கை உறிஞ்சினான்.

அந்த நேரம் பார்த்து வெள்ளம் பெட்டிக்குள் புகுந்தது. ஒரே கூச்சல், ஒரே சிரிப்பு. ஆளாளுக்குப் பெஞ்சு மேல் ஏறினார்கள். எங்கிருந்தோ ஒரு டிபன் கேரியர் ஆடி அசைந்து மிதந்து வந்து செசிலியாவின் பெஞ்சில் முட்டியது.

ரெங்கசாமி எடுத்துத் திறந்தான். மேல் தட்டில் எலும்பு மட்டும். கீழ்த் தட்டு நிறைய சோறும் கோழிக்கறியும்!

"யாரோடதுங்க?"

கிரிகரி ரொம்ப அக்கறையாக மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூடியில பேர் வெட்டியிருக்கும், பாருங்கக்கா. எனக்கு எழுத்து தெரியாது," என்று மூடியை நீட்டினான் ரெங்கசாமி.

செசிலியா மூடியைப் பார்த்தாள். கிரிகரியைப் பார்த்தாள். மூடியைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"பேரெல்லாம் தேஞ்சு போச்சு. நீ சாப்பிடு தங்கச்சி."

இராஜம்மா வயிறாரச் சாப்பிட்டாள். மிச்சத்தை ரெங்கசாமி வழித்துத் தின்றுவிட்டு ஏப்பம் விட்டான்.

கிரிகரி தண்ணீரில் மெல்ல இறங்கி வந்தார். டின்னை வாங்கித் தலைமேல் வைத்துக்கொண்டு பெஞ்சில் ஏறி நின்றார். ரொம்ப நேரமாகியும் இறக்கவில்லை.

"கை வலிக்கப் போகுதுண்ணே, கொடுங்க," என்று கை நீட்டினாள் செசிலியா.

"வலிக்கட்டும்மா," என்றார் கிரிகரி, அவள் முகத்தைப் பார்க்காமல். "என் ஒருசந்தி இப்பதான் ஆரம்பிக்குது."