மூன்றாவது வரிசை

புது சைலன்சரைப் பூட்டிய பிறகும் வண்டி பழையபடியேதான் உறுமியது.

மெக்கானிக் எஞ்சினை நிறுத்திவிட்டு, கழற்றிப் போட்ட பழைய சைலன்சரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தட்டினார். குலுக்கினார். அதில் ஓட்டையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இன்னும் ஐந்து வருஷம் உழைக்கும்.

அந்த ஒர்க்‌ஷாப்பில் அவருக்குக் காதண்ணன் என்று பெயர். வண்டி தெருமுனையில் திரும்பும்போதே கோளாறைச் சொல்லிவிடுவார். குனிந்து பார்ப்பதெல்லாம் காது மந்தமானவர்களுக்கு என்று வேறு பீற்றிக்கொள்வார்.

மூன்று வாரம் முன்பு இந்த வண்டி வந்தபோதும் அப்படித்தான். ஏழு பேர் உட்காரும் பெரிய குடும்ப வண்டி, தெருவையே எழுப்பிக்கொண்டு வந்தது. கையிலிருந்த டீ டம்ளரைக்கூடக் கீழே வைக்காமல், சைலன்சர் போய்விட்டது என்றார். சாமான் வர மூன்று வாரமாகும், அதுவரை தாராளமாக ஓட்டலாம், வெறும் சத்தம்தான் என்றார்.

வண்டிக்காரர் நகராமல் நின்றார். சின்ன மகளுக்குப் பிறந்ததிலிருந்தே இதயம் பலவீனம், சத்தம் ஆகாது, வாரா வாரம் ஆஸ்பத்திரிக்கு நாலு மணி நேரம் இதில்தான் கூட்டிப் போக வேண்டும் என்றார்.

காதண்ணன் வாய்க்கு வந்த ஒரு யோசனையைச் சொல்லி அனுப்பிவைத்தார். என்ன யோசனை என்று இப்போது ஞாபகம் இல்லை. ஒரு நாளைக்கு நூறு யோசனை சொல்கிறவர்.

இன்று சாமான் வந்துவிட்டது என்று போன் செய்ததும் வண்டிக்காரர் தனியாக வந்தார். முகத்தில் பல நாள் தாடி. சாவியைக் கொடுத்துவிட்டு, வாசலில் அடுக்கியிருந்த டயர்கள்மேல் போய் உட்கார்ந்துகொண்டார்.

காதண்ணன் மறுபடி எஞ்சினை ஓடவிட்டு, ஈரத் துணியைச் சுருட்டி சைலன்சர் வாயில் அழுத்திப் பிடித்தார். வெளியே போக வழியில்லாத புகை வேறு எங்கேயாவது சீறித்தானே ஆக வேண்டும்.

சீறியது. பின்னாலிருந்து இல்லை, நடுவிலிருந்து.

எஞ்சினை நிறுத்தி, வண்டியை லிஃப்டில் மேலே ஏற்றி, விளக்கை எடுத்துக்கொண்டு அடியில் போனார். சைலன்சருக்குப் புகையைக் கொண்டுபோகும் பைப்பின் மேல்பக்கத்தில், குனிந்து பார்த்தாலும் சட்டென்று தெரியாத இடத்தில், வெல்டிங் விட்டுப்போய் ஒரு விரல் நீளத்துக்கு வாயைப் பிளந்திருந்தது.

அதற்கு நேர் மேலே வண்டியின் தரைத் தகடு கன்னங்கரேலென்று இருந்தது. தகட்டில் கட்டை விரல் நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. அதை அடைத்திருக்க வேண்டிய ரப்பர் மூடியைக் காணோம்.

இந்தப் புகையில் ஆளைக் கொல்கிற வாயுவுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தூக்கம்தான் வரும்.

வண்டியை இறக்கிப் பின்கதவைத் திறந்தார். மூன்றாவது வரிசைக்கு அடியில் விரித்திருந்த தரைவிரிப்பைத் தூக்கினார். அதன் அடிப்பக்கத்தில் வட்டமாகக் கரி படிந்திருந்தது.

ஆனால் சீட்டை மடக்கி வைத்திருந்தார்கள். போன உயிர் திரும்பி வந்தது போல இருந்தது. யாரும் உட்காராத சீட்டைத்தானே மடக்கிப் போடுவார்கள்.

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. வாசலுக்குப் போனார்.

"பின்னாடி சீட்டுல யாரும் உட்கார மாட்டாங்கள்ல?"

வண்டிக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"சின்னவ இருந்தவரைக்கும் அதுதாண்ணே அவ இடம். நீங்க சொன்ன மாதிரியே எல்லாக் கண்ணாடியையும் ஏத்தியே வெச்சிருந்தோம். சத்தமே தெரியல அவளுக்கு. ஆஸ்பத்திரி போற வழியில படுத்தவ தூக்கத்துலயே போயிட்டா. டாக்டருங்க இதயம் நின்னுடுச்சுன்னாங்க. கஷ்டப்படாமப் போனாளே, அந்த ஒரு ஆறுதல் உங்களாலதாண்ணே."

காதண்ணன் தலையாட்டினார். வேறென்ன செய்வது என்று தெரியாமல்தான் ஆட்டினார்.

உள்ளே போய் வண்டியை மறுபடி மேலே ஏற்றினார். விட்டுப்போன இடத்தை வெல்டிங் வைத்து மூடினார். தகட்டின் ஓட்டையை அடைத்தார். அடைத்த இடத்தை மூன்று முறை தடவிப் பார்த்தார்.

வேலை முடிகிற வரைக்கும் தனக்குத்தானே நியாயம் பேசிக்கொண்டிருந்தார். இனி யாருக்கும் ஆபத்தில்லை. போன குழந்தை திரும்பி வரப்போவதில்லை. பெற்றவர்களுக்கு மிச்சமிருக்கிற ஒரே ஆறுதலையும் எதற்காகப் பிடுங்க வேண்டும்.

எல்லாம் சரியான நியாயம்தான். எல்லாமே தனக்குச் சாதகமாகவும் இருந்ததுதான் அவரை அறுத்தது.

ஸ்டார்ட் செய்தார். எஞ்சின் ஓடுகிறதா என்று கையை வைத்துப் பார்க்க வேண்டிய அளவுக்கு அமைதி.

வண்டிக்காரர் ஏறி உட்கார்ந்தார். கதவைச் சாத்தியதும், பழக்கத்தில், நாலு கண்ணாடிகளையும் கடைசிவரை ஏற்றினார். உள்ளே அவர் உதடு அசைந்தது. நன்றி சொல்லியிருப்பார். காதண்ணன் காதில் ஒன்றும் விழவில்லை.

வண்டி வாசலைத் தாண்டியது. போகட்டும் என்று விட்டிருந்தால் போயிருக்கும்.

அவர் பின்னாலேயே ஓடினார். ஓடிக்கொண்டே கண்ணாடியைத் தட்டினார்.

வண்டி நின்றது. கண்ணாடி மெதுவாகக் கீழே இறங்கியது.