கிழிந்த கடிதம்

என் மனைவி பொற்கொடி என்னோடு பேசி ஒன்பது நாளாகிறது. அவள் தம்பி கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நிற்க வேண்டிய நான், தாலி கட்டி முடிந்தபிறகு விடைத்தாள் கட்டோடு போய்ச் சேர்ந்த மேதை. மன்னிப்புக் கேட்டு நான் எழுதிய கடிதம் இன்று சமையலறைக் குப்பைக்கூடையில் கிழிந்து கிடந்தது. வேறொருவர் என்றால் நொந்துபோயிருப்பார். நான் வேதியியல் வாத்தியார், குதூகலித்தேன். கிழித்தால் காகிதம் காகிதமாகவே இருக்கும், எரித்தால்தான் திரும்பாது. பக்கத்திலேயே அடுப்பு எரிந்தும் இவள் கிழிக்கத்தானே செய்திருக்கிறாள்!

துண்டுகளைப் பரப்பி, தட்டிலிருந்த சோற்றுப் பருக்கைகளை நசுக்கி ஒட்ட உட்கார்ந்தேன்.

"திங்கிற சோத்துல என்ன விளையாட்டு?" என்று சுவரைக் கேட்டாள் பொற்கொடி.

"ஒட்டிடும்னு பாக்குறேன்" என்று நானும் சுவரிடமே சொன்னேன்.

எல்லாம் ஒட்டிவிட்டது. 'மன்னித்துவிடு' என்று எழுதிய துண்டை மட்டும் காணோம். கூடையைக் கவிழ்த்தேன். மேசைக்கடியில் தவழ்ந்தேன்.

"அங்கல்லாம் கிடைக்காது, எந்திரிங்க."

இந்த முறை அவள் சுவரைப் பார்க்கவில்லை. வலது கையில் கரண்டி இருந்தது. இடது கையை இறுக மூடி வைத்திருந்தாள்.