நாலு பச்சை மூடி

"இந்த அம்மாவை வேலையை விட்டுத் தூக்கணும். இன்னைக்கே!"

மருந்துக்கடைக்காரர் தட்டிய தட்டில் மேசைமேல் இருந்த தண்ணீர் டம்ளர் துள்ளியது.

பழைய டயர் கிடங்கின் சின்ன அறையில் விசாரணை. விசாரிக்க வந்த குழுவில் மூன்று பேர்: தலைவர், மருந்துக்கடைக்காரர், தையல்காரம்மா. எதிரே நின்றவர் கிடங்கைப் பார்த்துக்கொள்பவர். ஊருக்கே அவர் டயரக்கா.

விஷயம் இதுதான். ஆற்றுக்கு இந்தப் பக்கம் புது டயர் வாங்கும்போதே, பழசை அழிக்கும் கட்டணத்தையும் கடையில் சேர்த்து வாங்கிவிடுவார்கள். கட்டியதற்கு அடையாளமாக, சக்கரத்தில் காற்றடிக்கும் இடத்துக்குப் பச்சை மூடி போடுவார்கள். அப்புறம் பழைய டயரைக் கிடங்கில் சும்மாவே போடலாம்.

பாலம் தாண்டினால் சட்டம் தலைகீழ். அங்கே வாங்கும்போது கட்டணம் கிடையாது, மூடி கறுப்பு. பழசைப் போடப் போகும்போதுதான் பணம். பழமொழிக்கு மாறாக, இங்கே இக்கரைதான் பச்சை.

"புத்திசாலிங்க என்ன பண்றாங்க தெரியுமா?" மருந்துக்கடைக்காரர் விளக்கினார். "புதுசை அக்கரையில வாங்கறாங்க, கட்டணம் இல்ல. பழசை இக்கரையில போடறாங்க, அதுக்கும் இல்ல. ரெண்டு ஊருக்கும் டிமிக்கி!"

இந்தச் சந்துபொந்தெல்லாம் அவருக்கு எப்படி இவ்வளவு அத்துப்படி என்று யாரும் கேட்கவில்லை.

ஜன்னலுக்கு வெளியே டயர்கள் கொட்டகைக் கூரையைத் தொட்டுக்கொண்டு கிடந்தன. அரைக்கிற ஆலைக்கு அனுப்பக் கிடங்கில் பணம் இல்லை.

"ஏம்மா, கறுப்பு மூடி வண்டின்னு தெரிஞ்சும் ஏன் வாங்கி வச்சீங்க?" என்றார் தலைவர்.

"திருப்பி அனுப்பினா வீட்டுக்கா கொண்டு போவாங்க சார்? கால்வாய்ல தள்ளிட்டுப் போயிடுவாங்க. தண்ணி தேங்கும், கொசு வரும், காய்ச்சல் வரும்."

"காய்ச்சல் வந்தா இவருக்குத்தான் வியாபாரம்" என்று தையல்காரம்மா மருந்துக்கடைக்காரரைப் பார்த்துச் சிரித்தார். "சரிக்கா, யார் யார் கொண்டுவந்து போட்டாங்க? பேரைச் சொல்லுங்க."

"அது மட்டும் கேக்காதீங்கம்மா."

"பேரெல்லாம் எதுக்கு?" மருந்துக்கடைக்காரர் குறுக்கே விழுந்தார். "ஆளை மாத்துங்க. எல்லாம் சரியாயிடும்."

டயரக்காவின் முகம் வாடிவிட்டது. "இந்த வேலையும் போச்சுன்னா எனக்கு வேற வழி இல்ல சார். பார்த்துச் செய்யுங்க."

அவரைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொன்னார் தலைவர். போகிற போக்கில் அலமாரியிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்துக்கொண்டு போனார் டயரக்கா. பழைய டியூபுகளோடு வந்து சேரும் துண்டு துக்கடா சாமான்கள் அதில் கிடக்கும்.

"பாவம், இருக்கட்டுமே" என்றார் தையல்காரம்மா.

"எனக்கு எதுவானாலும் சரி. மருந்துக்கடைக்காரர் சொல்றபடியே செய்வோம், சீக்கிரம் முடிங்க" என்று கடிகாரத்தைப் பார்த்தார் தலைவர்.

ஆக, மருந்துக்கடைக்காரர் சொல்வதுதான் தீர்ப்பு. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டே ஜன்னல் பக்கம் பார்த்தார். அவருடைய காரின் பின்சக்கரத்தின் அருகே குந்தி உட்கார்ந்து எதையோ திருகிக்கொண்டிருந்தார் டயரக்கா.

"பாருங்க, பாருங்க! என் வண்டில காத்தைப் பிடுங்கறாங்க! தீர்ப்பு சொல்றதுக்குள்ளயே பழிவாங்கறாங்க!"

மூன்று பேரும் ஓடினார்கள். பாதி வழியில்தான் மருந்துக்கடைக்காரருக்கு உறைத்தது.

நுணலும் தன் வாயால் கெடும். போன மாதம் பாலம் தாண்டிப் போய்ப் புது டயர் மாட்டிக்கொண்டு வந்தவர் அவர். பழைய நாலையும் தன் கையாலேயே உருட்டி வந்து இதே கிடங்கில் போட்டார். டயரக்கா ஒரு வார்த்தை பேசாமல் எடுத்து வைத்தார். ஆளை அனுப்பிவிட்டால் சாட்சியும் போய்விடும் என்று கணக்குப் போட்ட மனுஷன், தன் சக்கரத்தில் இருக்கும் கறுப்பு மூடியைச் சுத்தமாக மறந்துபோனார்.

"விடுங்க, போனாப் போகுது..." என்று இழுத்தார்.

அதற்குள் தையல்காரம்மா சக்கரத்தின் பக்கம் குனிந்துவிட்டார். ஊசியில் நூல் கோக்கிற கண். எதுவும் தப்பாது.

"காத்து நல்லாத்தானே இருக்கு?" காரை ஒரு சுற்று சுற்றி வந்தார். "நாலு மூடியும் பச்சை. என்னக்கா பண்ணிட்டிருந்தீங்க?"

"லூசா இருந்துச்சும்மா. முடுக்கி விட்டேன்."

மருந்துக்கடைக்காரர் தன் சக்கரங்களையே அந்நியன் வீட்டுச் சாமான் மாதிரி பார்த்துக்கொண்டு நின்றார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"வந்ததுதான் வந்தோம், தலைவர் வண்டியையும் ஒரு பார்வை பார்த்துடலாமா?" என்றார் தையல்காரம்மா விளையாட்டாக.

"அதெல்லாம் எதுக்கும்மா?" தலைவர் அவசரமாகத் திரும்பினார். "முதல்ல இந்தம்மா விஷயத்தை முடிங்க. ஆளை மாத்தணுமா, வேணாமா?"

"வேணாம்" என்றார் மருந்துக்கடைக்காரர். குரல் அவருக்கே கேட்கவில்லை. "அக்காவே இருக்கட்டும்."

"அப்போ எழுதி வச்சுட்டு வருவோம். தலைவர் வண்டியைப் போகும்போது பார்த்துக்கறேன்" என்று தையல்காரம்மா உள்ளே நடந்தார். பின்னாலேயே தலைவரும் போனார், பிடரியைத் துடைத்துக்கொண்டே.

டயரக்கா மூடியிருந்த கையைத் திறந்தார். உள்ளே நாலு கறுப்பு மூடி.

"உங்களுது சார்."

"அக்கா... நான் உங்களை அவ்வளவு பேசியும்..."

"அசிங்கப்பட்டா அடுத்த தடவை கால்வாய்க்குத்தானே கொண்டு போவீங்க?"

மருந்துக்கடைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. "எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலக்கா."

"நன்றியெல்லாம் அப்புறம் சார். அந்தப் பச்சை நாலையும் சட்டுனு கழட்டிக் குடுங்க, டப்பால இருந்ததே அவ்வளவுதான். தலைவர் வண்டி கேட்டுக்கு வெளியில நிக்குது!"