குரங்கின் இன்னொரு கண்

யானையின் பின்னங்கால் தப்பு.

யானைக்குப் பின்னங்கால் முட்டி முன்பக்கமாகத்தான் மடங்கும். இந்த யானைக்கோ மாட்டுக்கால் போலப் பின்பக்கமாக மடங்கியிருந்தது. முதுகில் புத்தகப் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிற யானை. முன்னால் கோழி, பின்னால் குடை பிடித்த பன்றி.

சுவர் முழுக்க இப்படித்தான்.

தூரிகையோடு அவள் எதிரில் நின்றாள். இருபத்தொரு வயதில் இந்தச் சுவரை வரைந்தவளும் அவள்தான்.

பாலர் வகுப்புக்கு வெள்ளையடிக்கிறார்கள். இந்த ஒரு சுவரை மட்டும் அழிக்க மனமில்லாமல், மங்கின இடங்களைத் தொட்டுச் சரிசெய்ய ஆள் தேடியிருக்கிறார் தலைமையாசிரியை. பாடப்புத்தகங்களுக்குப் படம் போடுகிறவள் என்று யாரோ இவள் பேரைச் சொல்லியிருக்கிறார்கள். பொள்ளாச்சிக்கு பஸ் ஏறும்போது, வரைந்ததே நான்தான் என்று சொல்லி அசத்திவிடலாம் என்றுதான் நினைத்திருந்தாள்.

சுவரைப் பார்த்ததும் வாய் வரவில்லை.

ஏனென்றால் அந்த யானை ஓடியது.

கால் தப்பு. காது சின்னது. தும்பிக்கை ரொம்ப நீளம். ஆனாலும், மணி அடித்துவிட்டதே என்ற பயத்தோடு ஓடியது. புத்தகங்களுக்கு அவள் வரைந்த யானைகளுக்கு நகம் வரைக்கும் சரியாக இருக்கும். அதில் ஒன்றுகூட ஓடியதில்லை. தனக்கென்று ஒரு படம் வரைந்து வருஷக்கணக்காகிறது. ஆசையாக வாங்கின கேன்வாஸ் வீட்டில் சுவரோடு சாய்ந்து கிடக்கிறது. அதன்மேல் துண்டு காய்கிறது.

ஆயா ராமாத்தாள் பெருக்கிக்கொண்டே பக்கத்தில் வந்தார். விளக்குமாற்றை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்தார்.

"இத வரஞ்ச புள்ள கையில என்னமோ இருந்துச்சுங்க. பாத்துத் தொடுங்க. கெடுத்துப்போடாதீங்க."

சுருக்கென்றது. முன்பின் தெரியாத ஒருத்தியைப் புகழ்ந்திருந்தால்கூட இப்படி எரிந்திருக்காது.

அந்தப் பெண்ணை இவளுக்கு நன்றாகவே தெரியும். ஒழுங்காகத் தலை வாராதவள். பெயிண்ட்டைப் பாவாடையிலேயே துடைப்பவள். எதைக் கேட்டாலும் பாத்துக்கலாம் என்பவள். ஒருத்தரிடமும் சரியா என்று கேட்காமல் யானைக்கு மாட்டுக்கால் வைத்தவள். எவ்வளவு திமிர் இருந்திருக்க வேண்டும்!

அதில் கொஞ்சம் எனக்கு மிச்சம் வைத்திருக்கலாம் இல்லையா?

ஆயா அடுத்த அறைக்குப் போனதும், பழைய காலைச் சுவரின் நிறத்தால் அடைத்தாள். சரியான காலை வரைந்தாள். முட்டி முன்பக்கம். பாதம் உருண்டையாக. நகங்கள் அளவாக.

தள்ளி நின்று பார்த்தாள்.

யானை நின்றுவிட்டது.

முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. இப்ப என்னடி செய்வே என்று கேட்கத் தோன்றியது. கேட்க ஆள் இல்லை. அப்புறம் சுவரை முழுசாகப் பார்த்தாள். பின்னால் ஓடிவருகிற பன்றி, நின்ற யானைமேல் போய் முட்டிக்கொள்ளும் போலிருந்தது. திங்கட்கிழமை பிள்ளைகள் வந்து பார்க்குமே.

ஈரத்துணியை எடுத்து வேகவேகமாகத் துடைத்தாள். நல்லவேளை, பெயிண்ட் காயவில்லை. அடியிலிருந்து மாட்டுக்கால் வெளியே வந்தது. யானை மறுபடி ஓடியது.

"போடி" என்றாள், வாய்க்குள்ளேயே. யானையை அல்ல.

கீழே வழிந்ததைத் துடைக்கக் குனிந்தபோதுதான் குரங்கைப் பார்த்தாள்.

பன்றிக்கும் பின்னால், கதவோரம், கடைசி ஆளாக ஒரு சின்னக் குரங்கு. வால் இருந்தது. பை இருந்தது. பல்கூட இருந்தது.

கண் இல்லை. இரண்டு கண் இருக்க வேண்டிய இடமும் வெறுமனே கிடந்தது.

கண்ணைக் கடைசியில்தான் திறக்க வேண்டும். அவள் ஓவியம் படித்த இடத்தில் அப்படிப் பழக்கம். அன்றைக்கு ஒரே மூச்சில் எல்லோருக்கும் திறந்துகொண்டே வந்தாள். கோழிக்கு, யானைக்கு, பன்றிக்கு. குரங்கிடம் வந்ததும் கை நின்றுவிட்டது. அத்தனை பேரும் நன்றாக வந்திருந்தார்கள். இதில் போய்க் கெடுத்துவிடுவோமோ என்று பயம். இன்னும் நன்றாக வரையக் கற்றுக்கொண்டு வந்து திறக்கலாம் என்று விட்டுவிட்டு, மறுநாள் சென்னைக்கு ரயில் ஏறிவிட்டாள்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

அந்தத் திமிர் பிடித்தவளுக்கும் பயம் இருந்திருக்கிறது. பொறாமையும் இருந்திருக்கிறது, இனிமேல் வரப்போகிற, தன்னைவிட நன்றாக வரையப்போகிற ஒருத்தி மேல்.

வந்தவள் இதோ, முட்டி வலியோடு உட்கார்ந்திருக்கிறாள். சிரிப்பு வந்தது.

மெல்லிய தூரிகையை எடுத்தாள். கறுப்பைத் தொட்டாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு வலது கண்ணை வைத்தாள்.

கை நழுவியது. கண் கொஞ்சம் பெரிதாக, கொஞ்சம் மேலே ஏறிப் போய்விட்டது.

ஈரத்துணி மடியில்தான் கிடந்தது. அவள் அதைத் தொடவில்லை.

குரங்கு, எதையோ திருடிவிட்டு மாட்டிக்கொண்ட மாதிரி விழித்தது. அந்தப் பைக்குள் என்ன ஒளித்து வைத்திருக்கிறதோ? வரைந்து பார்த்தால்தான் தெரியும். வீட்டுக்குப் போனதும் முதலில் கேன்வாஸ்மேல் காய்கிற அந்தத் துண்டை எடுக்க வேண்டும்.

இடது கண்ணை அப்படியே விட்டுவிட்டு, தூரிகைகளைக் கழுவி வைத்தாள். திரும்பி வந்த ராமாத்தாள் குனிந்து குரங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு கண்ணு விட்டுப்போச்சுங்களே?"

"அத ஒரு கெழவி வந்து வைப்பாங்க."

வரட்டும், இதைவிட அதிக முட்டி வலியோடு. இந்த ஒற்றைக் கண்ணைப் பார்த்து, அவளுக்கும் கொஞ்சம் வயிறு எரியட்டும்.