கார்புரேட்டரில் அடைப்பு

“கார்புரேட்டர் அடைச்சிருக்கு” என்றான் ரதோயே.

அவன் மனைவி தேசங்கா காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். “போன வியாழக்கிழமை?”

“அது பிளக்.”

“அதுக்கு முந்தின வியாழன்?”

“பழைய கார், தேசங்கா. ஒண்ணைச் சரி பண்ணினா இன்னொண்ணு படுத்துக்குது. நான் என்ன செய்யட்டும்?”

வாரத்தில் அவனுக்கு வியாழன் ஒருநாள்தான் விடுமுறை. ஸ்பேனர் பையை எடுத்துக்கொண்டு காரேஜுக்குப் போய்விட்டான்.

அந்தக் குட்டி நீலக் கார் அவளுடைய அப்பா விட்டுப்போனது. ஊரில் எல்லோரும் ‘ஃபிச்சோ’ என்று செல்லமாகக் கூப்பிடும் ரகம். அப்பா மடியில் உட்கார்ந்து ஸ்டியரிங் பிடித்துப் பழகியவள் அவள். இஞ்சின் எந்தச் சத்தம் போட்டால் என்ன நோவு என்று அவளுக்கும் தெரியும்.

அதனால்தான் முந்தின நாள், அவன் வேலைக்குப் போயிருந்தபோது, காரேஜைத் திறந்து சாவியைப் போட்டுப் பார்த்திருந்தாள். முதல் திருப்பிலேயே இஞ்சின் பிடித்துக்கொண்டது. ஒரு திணறல் இல்லை, ஓர் இருமல் இல்லை.

இப்போது சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். இஞ்சின் இருக்கும் பின்பக்க மூடியைத் திறந்து, நன்றாக இருந்த கார்புரேட்டரைக் கழற்றி, பெட்ரோலில் கழுவி, துடைத்து, மறுபடி அப்படியே மாட்டிக்கொண்டிருந்தான்.

பிறகு உள்ளே வந்தான். நகக்கண்ணில் இருந்த கிரீஸைப் பிரஷ் போட்டுத் தேய்த்தான். சவரம் செய்தான். இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டான்.

“ஓட்டிப் பாத்துட்டு வந்துடறேன்.”

“ஓட்டிப் பாக்கறதுக்கு எதுக்கு சென்ட்?”

“பெட்ரோல் நாத்தம் போகணும்ல?”

கார் தெருமுனை திரும்பியதுமே பக்கத்து வீட்டு ஷிவானா வேலிக்கு மேல் தலையை நீட்டினாள்.

“கிளம்பிட்டானா?”

“கிளம்பிட்டான்.”

“நீ என்னடி மரம் மாதிரி நிக்கிற? பின்னாடியே போய்ப் பாத்துடலாம்னு போன வாரமே சொன்னேன்ல?”

“பக்கத்து சீட்டு நல்லா பின்னாடி தள்ளியிருக்கு, ஷிவானா. மேல எங்க சோஃபா குஷன் வேற.”

“குஷனா! சொகுசுக்காரியாத்தான் பிடிச்சிருக்கான். ஏறு என் வண்டில.”

ஊருக்கு வெளியே, சோளம் ஏற்றிய டிராக்டர் ஒன்று குறுக்கே வந்ததில் நீலக் கார் கண்ணிலிருந்து மறைந்துவிட்டது. ஷிவானா டிராக்டர்காரனை வாய் வலிக்கத் திட்டினாள். இரண்டு கிராமச் சாலைகளில் புகுந்து தேடினார்கள். கிடைக்கவில்லை.

திரும்பி ஊருக்குள் வரும்போது தேசங்காதான் பார்த்தாள். பெரிய ஆஸ்பத்திரி வாசலில் ஃபிச்சோ நின்றிருந்தது.

“நர்ஸு!” என்றாள் ஷிவானா. “நான் நினைச்சேன்.”

ரதோயே காரைச் சுற்றி வந்து பக்கத்துக் கதவைத் திறந்தான். குனிந்தான். தலையில் துணி கட்டிய ஒருத்தி அவன் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அவன் அவள் இடுப்பைச் சுற்றிக் கை போட்டான்.

“பாத்தியா? பட்டப்பகல்ல! இறங்குடி, போய் நாலு வார்த்தை நறுக்குன்னு கேளு.”

தேசங்கா கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தாள். அப்போது அந்தப் பெண் மூச்சு வாங்கிக்கொண்டு இந்தப் பக்கம் திரும்பினாள்.

மிலுன்கா. தேசங்காவின் சொந்த அக்கா.

பாதியாக இளைத்திருந்தாள். கன்னம் ஒட்டி, புருவம் கூட உதிர்ந்துபோயிருந்தது.

அப்பா செத்த பிறகு இந்தக் காரை விற்றுவிடலாம் என்று மிலுன்கா சொன்னதில் ஆரம்பித்த சண்டை. “அவ இனி இந்தக் கார்ல காலை வைக்கக்கூடாது, அவ பேரை இந்த வீட்டுல யாரும் எடுக்கக்கூடாது” என்று கத்தியவள் தேசங்காதான். அதற்குப் பிறகு யாரும் எடுத்ததில்லை.

“இறங்கலையா?” என்றாள் ஷிவானா.

தேசங்கா காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். “வீட்டுக்குப் போலாம்.”

“ஏன்டி?”

“போலாம்னு சொன்னேன்ல.”

அன்று மாலை அவன் வந்தபோது அவள் எதுவும் கேட்கவில்லை. “கார் எப்படி ஓடுது?” என்று மட்டும் கேட்டாள். “பரவாயில்ல” என்றான். அந்த வாரம் முழுக்க அவள் அவனோடு சரியாகப் பேசவில்லை. தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்தாள்.

அடுத்த வியாழக்கிழமை. ஸ்பேனர் பையோடு நின்று தலையைச் சொறிந்தான் ரதோயே.

“ஃபேன் பெல்ட் கொஞ்சம்...”

“போதும். அந்தக் கார்ல நீ கழட்டி மாட்டாததுன்னு இனி ஒண்ணும் பாக்கியில்ல.”

அவன் முகம் வெளுத்தது. பையைக் கீழே வைத்துவிட்டான். “தேசங்கா, நான் சொல்லணும்னுதான்...”

“ஒண்ணும் சொல்ல வேண்டாம். நேரமாச்சு, கிளம்பு.”

துணி சுற்றிய ஒரு பாத்திரத்தை அவன் கையில் திணித்தாள். கோழி சூப். மூடி வழியாக ஆவி வந்தது.

“ஆறிப்போறதுக்குள்ள அக்காவுக்குக் குடுத்துடு.” வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். “நான் செஞ்சேன்னு மட்டும் சொல்லிடாத. அப்புறம் தொடக்கூட மாட்டா.”

ரதோயே பாத்திரத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்:

“சிநேகிதன் வீட்டுலேர்ந்துன்னு சொல்லி, சிவப்பு மிளகாய்த் தொக்கு கொண்டுவந்தேனே, நீகூட ஜாடியை வழிச்சு வழிச்சுச் சாப்பிட்டியே... அதை என் கையில குடுத்தப்ப உங்க அக்காவும் இதையேதான் சொன்னா.”